டிக்கிக்குள் ஒட்டிய கித்தனாய்

ஜனவரி 9

அன்பு மருமகளுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ ஜப்பான் மொழி படிக்கக் கிளம்பிய அன்று, பஸ் ஜன்னல் ஓரமாக நின்று, “ஒரு நாள் ஜப்பான்காரனே நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வருவான், பாரு” என்றேனா இல்லையா? உன் அப்பா சிரித்தார். இப்போது வருகிறார்கள்.

நாங்கள் பெயிண்ட் அடிக்கும் கார்களின் கம்பெனி, நேராக ஜப்பானிலிருந்து ஒரு பெயிண்ட் இன்ஸ்பெக்டரை அனுப்புகிறது. பெயிண்டைப் பார்த்தே அது எந்தக் கிழமை அடித்தது என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் மூன்றே பேராம். அவர் அதில் ஒருவர். இன்னொருவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், தற்பெருமை எனக்குப் பிடிக்காது. அவர் யாரைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவர்தான் இனி தலைமைப் பெயிண்டர். அதனால் வெள்ளை, கறுப்பு, புதிது, பழையது, அழுக்கு என்று அவர் மொழியில் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லிக்கொடு. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்று தயங்காதே. விட்டது நான்தான், வகுப்பு என்னை விடவே மாட்டேன் என்றது.

டிசம்பர் பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை என்று உன் அம்மா சொன்னாள். வரும்போது வரட்டும், நான் கேட்கவே மாட்டேன். மே மாதம் இன்னொன்று இருக்கிறதாமே. இரண்டில் ஒன்று தேறினால் ஜப்பான் ஆஸ்பத்திரியில் வேலை, இல்லாவிட்டால் உன் இடம் வேறு ஆளுக்கு என்றும் சொன்னாள். அப்புறம், அப்பாவின் டயர் கடையில் பில் போட ஆள் வந்தாச்சா என்று நீ விசாரித்தாயாம். மனிதருக்கு வாயெல்லாம் பல். எனக்கு எதற்கு அந்த ஊர்வம்பு. என் கவலை இன்ஸ்பெக்டர்.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. கடிதம் உன் ஹாஸ்டல் அறைக் கதவுக்கு அடியில் வந்து விழும், அதைத் துண்டிக்க முடியாது. நானும் உன் அத்தையும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ நலமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

உன் மாமா

*

ஜனவரி 30

மாமாவுக்கு வணக்கம்.

நலம். நீங்களும் அத்தையும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

வெள்ளை ஷிரொய். கறுப்பு குரொய். புதியது அத்தராஷீ. பழையது ஃபுருய். அழுக்கு கித்தனாய். எல்லாம் ‘இ’ ஓசையில் முடிவதைப் பாருங்கள், இவை ஒரு குடும்பம். பெயருக்கு முன்னால் அப்படியே வந்து நிற்கும். காருக்குக் குருமா என்று பெயர். வெள்ளைக் கார் ஷிரொய் குருமா.

இங்கே வேலை அதிகம். அங்கேயே யாரையாவது கேட்டுக் கற்றுக்கொண்டால் உங்களுக்குச் சுலபம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

பிப்ரவரி 5

என் குருவான மருமகளுக்கு,

முழங்கால் உட்பட அனைவரும் நலம். உன் சளி எப்படி? சளி என்று நீ எழுதவில்லைதான், கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, மூக்கு அடைத்த கையெழுத்து.

காருக்குக் குருமா என்றா பெயர்? எழுதும்போதே பசிக்கிறது. காலையிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் எல்லா வண்டியையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். டிங்கர், அதுதான் அடிபட்ட தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறானே, என் பால்ய விரோதி, அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: “ஏன்யா, பல்லு வலியா? முனகிக்கிட்டே இருக்க?” ஜப்பான் மொழி என்றேன். “ஜப்பான்காரன் கேட்டா அழுதுருவான்யா” என்றான். பொறாமை.

ஒரு சந்தேகம். என் தொழிலில் ‘இருந்தது’தான் முக்கியம். வருகிற வண்டி கறுப்பாக இருந்தது, போகிற வண்டி வெள்ளை. ‘வெள்ளை இல்லை’ என்பதற்கு நானே ‘நோ ஷிரொய்’ என்று கண்டுபிடித்திருக்கிறேன். ‘கறுப்பாக இருந்தது’ என்பதற்குக் குரொய் சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டுகிறேன். சரிதானே? சரியென்றால் பதில் வேண்டாம்.

வேறு யாரைக் கேட்பேன்? இங்கே ஜப்பான் மொழி தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

உன் உடல் நலம் வேண்டும் மாமா

*

பிப்ரவரி 16

மாமாவுக்கு வணக்கம்.

நலம்தான், சளியும் இல்லை. அத்தைக்கு என் அன்பு.

நோ ஷிரொய்யா! அய்யோ மாமா, தயவுசெய்து அதை வெளியில் சொல்லிவிடாதீர்கள். கட்டைவிரல் வேலையும் வேண்டாம். கவனமாகப் படியுங்கள்.

தமிழில் ‘வெள்ளையாக இருந்தது’ என்கிறோம். வெள்ளை சும்மா நிற்கும், ‘இருந்தது’தான் பாரத்தைச் சுமக்கும். ஜப்பான் மொழியில் வெள்ளையே இறந்தகாலத்துக்குப் போய்விடும். கடைசி ‘இ’யைக் கழற்றுங்கள், நீங்கள் பம்ப்பரைக் கழற்றுவது மாதிரி. அந்த இடத்தில் ‘க்கத்தா’வை மாட்டினால் இருந்தது, ‘க்குனாய்’ மாட்டினால் இல்லை. ஷிரொக்கத்தா, வெள்ளையாக இருந்தது. ஷிரொக்குனாய், வெள்ளையாக இல்லை.

இன்னொரு குடும்பம் உண்டு. கிரேய், சுத்தம் என்றும் அழகு என்றும் பொருள். ‘இ’யில் முடிகிற மாதிரிதான் கேட்கும், ஏமாறாதீர்கள், இதில் எதையும் கழற்ற முடியாது. நாம் ‘அழகு’ என்பதைப் பெயருக்கு முன்னால் ‘அழகான’ ஆக்குவது போல இதற்கு ‘நா’ ஒட்ட வேண்டும். கிரேய் நா குருமா. சுத்தமாக இருந்தது என்றால் கிரேய் தத்தா, சுத்தமாக இல்லை என்றால் கிரேய் ஜா நாய்.

தனித்தாளில் எழுத்துகளைப் பெரிதாக வரைந்திருக்கிறேன், பார்த்து எழுதிப் பழகுங்கள். பம்ப்பர் உதாரணத்தை எழுதும்போது, “என்னடி தனியா சிரிக்கிற?” என்று அறைத்தோழி எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நீங்களும் சாப்பிடுங்கள்.

*

மார்ச் 3

பம்ப்பர் கழற்றும் மருமகளுக்கு,

அனைவரும் நலம். உன் அத்தை உன் நலத்தைக் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

கிரேய் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, பிறகு பெண் வீட்டுக்காரர் என்று தெரியவருகிற ஆள். உன் பெரியப்பா. இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

நீ வரைந்த எழுத்துகளை ஒரே பார்வையில் மனப்பாடம் செய்துவிட்டேன். இருந்தாலும் கைப்பழக்கத்துக்காக ஒரு வழி வைத்திருக்கிறேன். பெயிண்ட் படக் கூடாத இடத்தில் ஒட்டுவோமே மாஸ்கிங் டேப், அதில் எழுதி வண்டிக்கு வண்டி ஒட்டிவிடுகிறேன். வந்த வண்டிக்குக் கித்தனாய். கழுவியதும் அதைப் பிய்த்துவிட்டுக் கிரேய். நசுங்கிய கதவுக்கு ஃபுருய். டிங்கர் வந்து பார்த்தான். “ஏன்யா, வண்டிக்குக் காய்ச்சலா? நெத்தியெல்லாம் பத்துப் போட்டு வச்சிருக்க?” அவன் முதுகிலும் ஒன்று ஒட்டினேன். மத்தியானம்வரை ஃபுருய் என்று திரிந்தான்.

இன்ஸ்பெக்டர் ஏப்ரலுக்குத் தள்ளிப் போய்விட்டார். அவர்கள் ஊரில் நல்ல பனியாம், விமானம் வழுக்குகிறதாம். எனக்கும் நல்லதுதான், ‘நல்லது’ என்பதற்கு இன்னும் வார்த்தை தெரியாது.

உன் பாடம் வரும்வரை நலமாக இரு.

மாமா

*

மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தனிக்கட்சி கலைந்துவிடும்.

நல்லது என்பதற்கு ‘ஈ’. அவ்வளவுதான். ஆனால் இந்த ஈ ஒரு முரடு, மற்றவை மாதிரி நடக்காது. நல்லதாக இருந்தது என்றால் யொக்கத்தா. கேட்டால் வேறு சொல் மாதிரி இருக்கும், அதே ஆள்தான். ஒரு கண்டம் தப்பினால் ஜப்பான்காரர்கள் மூச்சு விட்டுக்கொண்டே இதைத்தான் சொல்வார்களாம், நாம் அப்பாடா என்கிறோமே அது மாதிரி.

வலிக்கிறது என்பதும் அவர்களுக்கு ‘இ’க் குடும்பம்தான். இத்தாய். வலித்தது, இத்தக்கத்தா. வலிக்கவில்லை, இத்தக்குனாய். உங்கள் முழங்காலை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நான் அதிகம் கேட்கப்போவது இதுதான். அங்கே போனால்.

நேற்று வகுப்பில் இரண்டு குடும்பத்தையும் யார் விளக்குவீர்கள் என்று டீச்சர் கேட்டார். நான் எழுந்தேன். பம்ப்பர், டேப், பெரியப்பா எல்லாவற்றையும் சொன்னேன். “இதை எங்கம்மா படிச்ச?” என்றார். “பெயிண்ட் ஒர்க்‌ஷாப்ல மேடம்” என்றேன். வகுப்பே சிரித்தது, ஆனால் இடைவேளையில் நான்கு பேர் வந்து மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

மே பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேன். இன்ஸ்பெக்டர் வந்தால் அவசியம் எழுதுங்கள், எனக்கே படபடப்பாக இருக்கிறது.

உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 6

வெற்றிக்குக் காரணமான மருமகளுக்கு,

நலம், நலம், மூன்று மடங்கு நலம். இன்ஸ்பெக்டர் வந்து போய்விட்டார்!

ஆறடிக்கு மேல் உயரம், தங்க ஃபிரேம் கண்ணாடி, வெள்ளைக் கையுறை. எல்லாரையும் விட்டுவிட்டு நான் முடித்த வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். உறையைக் கழற்றினார். வலது கட்டைவிரல் நகத்தால் பானெட்டை ஒரு தட்டுத் தட்டி, காதை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டார். அந்த நகம் சாதாரண நகமா? நடுவில் ஒரு கறுப்பு வரி. அத்தனை வருஷம் பெயிண்டைத் தட்டித் தட்டி விழுந்த வரி. தேர்ந்த ஆள்.

நான் விடவில்லை. “குரொக்கத்தா” என்றேன். “ஷிரொய், கிரேய் நா குருமா” என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் தூசி இருந்ததா, கண்ணில் இருந்ததா, அது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். தலைமைப் பெயிண்டர் யார் என்று நீயே ஊகித்துக்கொள்.

இனி உன் முறை. எனக்கு நேரம் ஒதுக்கியது போதும், படி. பசியோடு மட்டும் படிக்காதே.

மாமா

*

ஏப்ரல் 26

மருமகளுக்கு,

நலமா? என் நலம் இன்று காலைதான் திரும்பி வந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு வெள்ளை வண்டியை முடித்து அனுப்பினோம். நேற்று அது திரும்பி வந்தது. ஓட்டி வந்தது ஓர் அம்மா. குட்டை முடி, கையில் கடைப் பை, முகத்தில் சிரிப்பே இல்லை. நேராக என்னிடம் வந்து, வண்டியைச் சுற்றிக் கூட்டிப்போய், டிக்கியைத் திறந்து காட்டினார். மூடியின் உள்பக்கம் என் டேப். என் கையெழுத்து. கித்தனாய்! மற்றதையெல்லாம் பிய்த்தவன் அதை மட்டும் மறந்திருக்கிறேன். பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டு, ‘அழுக்கு’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அதுவும் யாருக்கு? அந்த அம்மா ஜப்பான்காரர். நம் மொழி நாலு வார்த்தைதான் தெரியும். இங்கே கல்யாணமாகி வந்தவராம், அது பிறகு தெரிந்தது.

“கித்தனாய்?” என்று டேப்பைத் தொட்டுக் கேட்டார். டிங்கர் சுத்தியலோடு அப்படியே நின்றான். மனசுக்குள் உன் பம்ப்பரைக் கழற்றினேன். “கித்தனக்கத்தா” என்றேன். அழுக்காக இருந்தது. முன்பு. ‘இப்போது’ என்பதற்கு நீ சொல்லித்தரவில்லையே, அதனால் தரையைக் காட்டினேன். “கித்தனக்குனாய். கிரேய்!”

அந்த அம்மா என்னைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பார், கடைப் பையைக் கீழே வைத்துவிட்டு, டிக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யாரு? யாரு சொல்லி?” என்றார். “மருமகள்” என்றேன், நீ இருக்கும் திசையைக் காட்டி. அப்போது அவர் ஒன்று சொன்னார். எனக்குப் புரியவில்லை, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்: “ஈ சென்செய் தெஸ்னே.” ஈ மட்டும் தெரிந்தது.

டேப்பைப் பிய்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் பாடம் ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

மாமா

*

மே 6

அன்பு மாமாவுக்கு,

நான் நலம். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. பயம்தான், ஆனால் போன தடவை மாதிரி இல்லை.

அந்த அம்மா கதையைப் படித்துவிட்டு நானும் அறைத்தோழியும் கட்டிலில் உருண்டோம். ஆனால் மாமா, என்னிடமேவா? ஜப்பான்காரர் வண்டியிலேயே கித்தனாய் ஒட்டி அனுப்ப, அவர் திரும்பியும் வந்து, ‘நல்ல டீச்சர்’ என்று என்னைப் பாராட்டியும் விட்டார். அந்த வாக்கியத்துக்கு அதுதான் அர்த்தம். எந்தச் சினிமாவில் பிடித்தீர்கள்? இன்ஸ்பெக்டர் கதையில்கூடக் கொஞ்சம் மெருகு இருக்கும் என்று தெரியும், ஆனால் நகத்தில் கறுப்பு வரியை யாராலும் கற்பனை செய்ய முடியாது. அதனால் அவரை நம்புகிறேன். இந்த அம்மாவை நம்ப முடியவில்லை, மன்னிக்கவும்.

பொய்யாகவே இருக்கட்டும். அந்த ‘ஈ சென்செய்’ வாக்கியத்தை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அத்தையையும் முழங்காலையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 9

மருமகளே,

நலமா?

முடிவு வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. உன் அத்தைதான் கேட்கிறாள். தபால்காரரைப் பார்த்தால் தெருமுனைவரை போகிறேன், அது முழங்காலுக்கு நடை நல்லது என்பதால். இன்று ஒரு நீல வண்டிக்குப் பச்சை அடித்துவிட்டேன். டிங்கர் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை, உட்கார்ந்து சேர்ந்து தேய்த்துக் கொடுத்தான். அவனும் கேட்கவில்லை.

தேறினாலும் தேறாவிட்டாலும் உன் மாமா வீட்டுக் கதவு அகலமானது. எழுது.

*

ஜூன் 12

மாமா,

யொக்கத்தா.

இதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தேறிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்தும் உறுதி வந்துவிட்டது, செப்டம்பரில் பயணம். அம்மாவிடம் போனில் சொன்னேன். அப்பா வாங்கி, “அப்ப பில் சீட்டுக்கு ஆள் பார்த்துக்கட்டுமா?” என்றார். அவருக்கு வருத்தம்தான், ஆனால் சிரித்தார்.

இப்போது சொல்லலாம். டிசம்பர் முடிவு ஜனவரி முதல் வாரமே வந்துவிட்டது. தோற்றிருந்தேன், அதுவும் இந்த ஷிரொய், கிரேய் எல்லாம் வருகிற அடைமொழிப் பகுதியில்தான். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு அடியில் உங்கள் முதல் கடிதம் வந்து விழுந்தது. படித்துவிட்டு எரிச்சலாக வந்தது. நானே தோற்ற பாடத்தை என்னிடமா கேட்கிறீர்கள்? பதில் எழுதாமலே கிளம்பிவிடப் பார்த்தேன். ஆனால் ஒரு மனிதர் தலைமைப் பெயிண்டர் ஆவது என் கையில் இருக்கிறதே என்று உறுத்தியது. உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போகலாம் என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

உங்கள் இன்ஸ்பெக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் வராமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் டயர் விலை சொல்லிக்கொண்டிருப்பேன்.

இத்தக்கத்தா, மாமா. இப்போது இத்தக்குனாய்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 21

ஆஸ்பத்திரி மருமகளுக்கு,

இதையும் நான் அப்போதே சொன்னேன்! யாரிடம் சொன்னேன் என்று டிங்கர் கேட்கிறான். மனசுக்குள் சொன்னேன், அது கணக்கில் சேராதா? உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் சத்தமாகப் படித்தேன். டிங்கர் ஒரு பானெட்டைத் தாளம் போட்டே நசுக்கிவிட்டு, இப்போது நிமிர்த்திக்கொண்டிருக்கிறான். உன் அத்தை அடுப்பை அணைக்காமலே ஓடி வந்து கேட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். நேற்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை.

ஆமாம், ஜனவரியிலிருந்தே எனக்குத் தெரியும். அந்த பில் சீட்டை விட்டு ஓடுவதற்காகவே படிக்கப் போனவள், அது காலியா என்று எதற்கு விசாரிப்பாள்? ‘தோற்றாயா?’ என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பாய். உன் அம்மாவின் பெண்தானே நீ, அவளையும் நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதனால் நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டேன்.

செப்டம்பருக்கு முன் ஒரு முறை வந்து போ. உன்னைப் பார்க்க ஒருவர் காத்திருக்கிறார். டிக்கி அம்மாதான். நீ நம்பாத அதே ஆள். நேற்றும் வந்தார், பின்விளக்கு மாற்ற. நீ தேறியதைச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியாமல், “மருமகள், யொக்கத்தா” என்றேன். கைதட்டினார். நீ வந்தால் அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் எப்படிப் பேசுவார்கள் என்று சொல்லித்தருவாராம். டிக்கியைத் திறந்து காட்டச் சொல், டேப் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. கம்பளி வாங்கு. எல்லாரும் நலம், முழங்கால் கட்சியில் சேர்ந்துவிட்டது.

உன் தீர்க்கதரிசி மாமா

பின்குறிப்பு: இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் சொல்லச் சொன்னாயே, அங்கேதான் சின்னச் சிக்கல். அப்படி ஒருவர் வரவில்லை. வருவதாகவும் இல்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஜப்பானிலிருந்து என்ன, பக்கத்துத் தெருவிலிருந்தே யாரும் சோதனைக்கு வந்ததில்லை, தலைமைப் பெயிண்டர் என்று ஒரு பதவியும் கிடையாது, இருப்பதே ஒரு பெயிண்டர்தான். உயரம், தங்க ஃபிரேம், உறை, பனியில் வழுக்கிய விமானம், எல்லாம் நான் அடித்த பெயிண்ட். அந்தக் கறுப்பு வரி விழுந்த நகம் மட்டும் நிஜம். அது டிங்கருடையது, சுத்தியல் பட்டது. உன் வணக்கத்தை அவனிடமே சொல்லிவிட்டேன்.